லஸ்கர் செய்த ஆப்பு

எங்கள் அடுக்குமாடி லிஃப்டுக்குச் சில நாட்களாக உடம்பு சரியில்லை. கரண்ட் தணிந்துபோகும் சாயங்கால வேளைகளில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுகொண்டு ம்ம்ம் என்று முனகும். ஏறாது, இறங்காது. உள்ளே இருப்பவர்கள் போனை எடுத்து யாரையாவது திட்ட ஆரம்பிப்பார்கள். எனக்குத் திட்ட வராது. அந்த முனகல் கேட்டதும் என் இடது கை தானாக நீண்டு, அங்கே இல்லாத ஒரு லீவரைத் தேடும்.

போன வாரம் பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பார்த்துவிட்டு, சுளுக்கா ஆன்ட்டி என்று கேட்டாள். இல்லம்மா, ஒரு மெஷின் ஞாபகம் என்றேன். சிரித்தாள். லிஃப்ட் கிளம்பிவிட்டது. நான் என் மாடியில் இறங்க மறந்து மொட்டை மாடி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

அது மரம் பிளக்கிற மெஷின். நம் பக்கத்தில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். டீக்கடை பெஞ்சில் பாதி நீளம், முழங்கால் உயரம். ஒரு கோடியில் மோட்டார், மறு கோடியில் அசையாமல் நிற்கும் இரும்பு ஆப்பு. நடுவில் கட்டையைப் படுக்கவைத்தால், எண்ணெய் அழுத்தத்தில் ஒரு தண்டு மெல்ல நகர்ந்து வந்து கட்டையை ஆப்பின்மேல் தள்ளும். கோடாலி கட்டையைத் தேடிப் போகும். இங்கே கட்டை ஆப்பைத் தேடிப் போகவேண்டும்.

இரண்டு கையும் வேலையில் இருந்தால்தான் அது ஓடும். வலக்கை சுவிட்சை அழுத்தியிருக்க வேண்டும், இடக்கை லீவரைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். விரல் போய்விடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. அண்ணனுக்கு இடக்கை விழுந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஆகவே சுவிட்ச் அவர், லீவர் நான். ஒருவர்தான் இயக்கவேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் படம் போட்டு எச்சரித்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஒருவராக இருந்தோம்.

விழுந்த புளி

இந்தத் தொடரில் அண்ணன் அங்கங்கே தலைகாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இந்த வாரம் அவரை உட்காரவைத்துப் பார்க்கவேண்டும். பெயர் கலியபெருமாள். ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள், லஸ்கர் என்றால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிற அரசாங்க வேலைக்கு லஸ்கர் என்று பெயர். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலை. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது.

குத்தாலத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில் எங்கள் வீடு. வீடு எங்களுடையது, அது நிற்கிற மண் கோயிலுடையது. அடிமனை என்பார்கள். சுவரைத் தொட்டு இது எனது என்று சொல்லலாம், தரையைத் தொட்டுச் சொல்லமுடியாது. எங்கள் பக்கத்தில் தெருத்தெருவாக இப்படித்தான்.

அந்த வருடம் கார்த்திகை பிறந்த சமயம் அடித்த புயலில் கொல்லைப் புளியமரம் சாய்ந்தது. வேர் மண்ணோடு எழுந்து நிற்க, தலை வாய்க்காலுக்குள் கிடந்தது. இரண்டு நாள் கழித்துக் கோயில் அலுவலகத்திலிருந்து ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். ஊர் முழுக்கக் கோயில் இடத்தில் விழுந்த மரங்களுக்கு எண் போட்டு வருகிறார்களாம். எங்கள் புளிக்குப் பதினேழு. ஏலத்துக்கு நாள் பிறகு சொல்வார்கள்.

எங்க அப்பா ஊன்றின மரம் சார் என்றார் அண்ணன். வந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், அதுக்கு ஏதாவது காகிதம் இருக்குங்களா என்று. அவர் சைக்கிள் தெரு திரும்பியதும் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஒரே வழிதான் பாப்பா. வெறகாக்கிடணும். சாம்பலுக்கு எவனும் கேசு போடமாட்டான்."

புயல் செய்தி கேட்டு லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து ஓடிவந்திருந்தேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு நான் பாப்பாதான்.

ஆப்பு என்றால்

அண்ணி வசந்தா பஸ் நிற்கிற முனையில் இட்லிக் கடை வைத்திருந்தார். விறகடுப்பு. பக்கவாதம் வந்து அண்ணனால் கோடாலி தூக்க முடியாமல் போனதும், கோயம்புத்தூரில் இருக்கும் அவர்கள் மாப்பிள்ளை இந்த மெஷினைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாக்கு போர்த்தி மூலையில் கிடந்தது. புளி விழுந்ததும்தான் அதற்கு வேலை வந்தது.

அறுப்பு மெஷின்காரரைக் கூப்பிட்டு மரத்தை முழ நீளத் துண்டுகளாகப் போட்டு, பருத்ததை இரண்டாக வகிர்ந்தும் வைத்துக்கொண்டோம். முதல் துண்டை ஏற்றினோம். அண்ணன் சுவிட்சை அழுத்த, நான் லீவரைப் பிடிக்க, தண்டு வந்து தள்ள, ஆப்பு இரண்டு விரல் ஆழம் உள்ளே போய் நின்றுவிட்டது. மோட்டார் ம்ம்ம் என்று முனகியது. புளியின் நார் நேராக ஓடாது. கூந்தலைப் பின்னியது போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். மெஷின் எந்தக் குளிர் நாட்டு மரத்துக்காகச் செய்ததோ. ஊர் டிரான்ஸ்பார்மரும் புயலுக்குப் பிறகு நோயாளிதான், கரண்ட் பாதி வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

புளித்த ஒரு வாடை, சூடான எண்ணெய் வாடையோடு கலந்து எழுந்தது. அண்ணன் அந்த ஆப்பைத் தடவிப் பார்த்தார். ரொம்ப மொண்ணை, வாய் அகலம், இதத் திருத்தணும் என்றார். வேற ஆப்பு செய்யணும்.

அண்ணி மாவு வாளியோடு போய்க்கொண்டிருந்தவர் நின்றார்.

"ஆயுசு பூரா ஆளாளுக்கு வந்து நமக்கு ஆப்பு வச்சிட்டுப் போறாங்க. நீங்க எதுக்குங்க சொந்தமா வேற ஒண்ணு செய்யறீங்க?"

அண்ணன் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கும் அப்போதெல்லாம். மற்றப் பக்கம் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

கதவு

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எனக்கு ஐந்து வயதோ ஆறு வயதோ. உழுகிறவனுக்குச் சட்டத்தில் ஓர் இடம் வரப்போகிறது என்று வரப்பெல்லாம் பேச்சாக இருந்த காலம். ஒரு பக்கம் கரை வேட்டி, ஒரு பக்கம் செங்கொடி. அறுப்புக்கு வெளியூர் ஆள் இறக்குவார்கள், உள்ளூர் ஆட்கள் பாதையில் உட்கார்ந்து மறிப்பார்கள். அப்பா ஒரு மிராசுதாரர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். குத்தகையைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று யாரோ சொல்ல, தாலுகா ஆபீசுக்குப் போய் ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

அந்த வாரமே மிராசுதாரரின் காரியக்காரர் ஆட்களோடு வந்தார். எங்கள் குடிசை அவர்கள் மனையில் இருந்தது. அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. கூரையை மட்டும் பிரித்தார்கள். பிரித்த கீற்றுகளை ஒழுங்காக அடுக்கிவைத்தார்கள். வீட்டுக்குள் வெயில் விழுந்தது. அடுப்பின்மேல், உறியின்மேல், அம்மாவின் முகத்தின்மேல். அதுவரை அம்மாவை நான் அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

அண்ணனுக்குப் பதினைந்து வயது. ஆட்கள் கூரைமேல் இருந்தபோது அவர் வாசலில் குந்தி, கதவைக் குடுமியோடு கழற்றிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கதவு, வேம்புப் பலகை. அந்த வீட்டில் அப்பாவுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தார். பின்னால் நாங்கள்.

கோயிலைச் சேர்ந்த யாரோ மனமிரங்கி இப்போதுள்ள இடத்தைக் காட்டினார்கள். அங்கே முதலில் எழுந்தது கதவு. இரண்டு மூங்கில் நட்டு அதில் அண்ணன் அதை மாட்டினார். சுவர் இல்லை, கூரை இல்லை, கதவு மட்டும் நின்றது. அன்று சாயங்காலம் நான் அந்தக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடினேன். இந்தப் பக்கமும் வெளி, அந்தப் பக்கமும் வெளி. அப்பா சற்றுத் தள்ளிப் புளியங்கொட்டை ஊன்றிக்கொண்டிருந்தார்.

அந்த நாளிலிருந்து அண்ணனும் நானும் இரண்டு வழியாகப் பிரிந்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. நான் சென்னையில் பதினோரு வாடகை வீடு மாறிவிட்டேன். ஒரே சன்னலை மூன்று வருடம் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். அவருக்கோ அந்த மண்ணைவிட்டு ஒரு ராத்திரி தங்குவதும் பிடிக்காது. யாராவது வந்து கூரையைப் பிரித்துவிடுவார்கள்.

அவருக்கு வேண்டியது ஒரு தாள். தன் பெயர் எழுதிய பட்டா. கோயில் மண்ணுக்குப் பட்டா கிடையாது என்று ஓர் அலுவலகம் சொல்லும். அது ஊரார் குடியிருக்கிற நத்தம்தான், கோயில் பேரில் தவறி ஏறிவிட்டது என்று ஒரு பழைய கணக்குப்பிள்ளை சொல்லுவார். ஆவன செய்கிறோம் என்று ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரும் சொல்லுவார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் அண்ணன் மனுவின் முதல் வரியை மட்டும் மாற்றி எழுதுவார். வருடா வருடம் தாலுகாவில் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தி நாளில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். நகல்கள் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருந்தன. பை மூன்று முறை கிழிந்து மாறியிருந்தது.

முறை

குத்தாலம் கடைத்தெருவுக்குப் பின்னால் லேத் வைத்திருந்த சாதிக் பாய் அண்ணனின் நெடுநாள் சிநேகிதர். மதகுப் பலகைக்குத் திருகு செய்த காலத்துப் பழக்கம். தாலுகா ஆபீசுப் பக்கம் போனால் லஸ்கர் மனு என்னாச்சு என்று விசாரித்துக்கொண்டு வருவதும் அவர்தான். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பட்டறைக்கு வந்து, தரையில் சாக்கட்டியால் படம் போட்டார். பழைய ஆப்பின்மேல் தொப்பி மாதிரி செருகிக்கொள்ள ஒரு புது ஆப்பு. நடுவில் ஒரு கத்தி, அதற்கு இரண்டு பக்கமும் றெக்கை. ஒரே தள்ளில் கட்டை நாலாகிவிடும்.

சின்ன மோட்டாருண்ணே, தாங்காது என்றார் பாய். அண்ணன் காதில் வாங்கவில்லை. சாதா இரும்புத் தகட்டில் செய்து கொடுத்தார். மாட்டிப் பார்த்தோம். மோட்டார் முனகக்கூட இல்லை, ஒரே தும்மலில் கரண்ட் போய்விட்டது. றெக்கை இரண்டும் நாய்க்காது மாதிரி மடங்கியிருந்தன.

மறுநாள் காலையில் அண்ணனைக் காணோம். தேடிப்போனால் வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புளியின் தலைக்கொம்புகள் இன்னும் தண்ணீரில் கிடந்தன. தண்ணீர் முதலில் ஒரு கிளையில் மோதிப் பிளந்து, கொஞ்சம் தள்ளி அடுத்ததில் பிளந்து போய்க்கொண்டிருந்தது.

"பாப்பா, நாலு மதகையும் ஒரே நேரத்துல தெறந்தா என்னாகும்?"

எல்லாருக்கும் தண்ணி போகும் என்றேன்.

"மெட்ராஸ்காரியாவே ஆயிட்ட. எவனுக்கும் போகாது. கடைமடை காஞ்சு கெடக்கும். முறை வைக்கணும். ஒண்ணு வாங்கி முடிச்சப்புறம் அடுத்தது."

எழுந்து நின்றுவிட்டார். கத்தி முன்னால் போகட்டும், மெல்லிசாக, நீளமாக. கட்டை வாய்பிளந்து அதன் பிடிவாதம் பாதி போனபிறகு, நான்கு விரல் பின்னால் நிற்கும் றெக்கை தொடட்டும். மோட்டாருக்கு ஒரு சமயத்தில் ஒரு வேலைதான். வாழ்நாளெல்லாம் தண்ணீருக்கு முறை வைத்தவர் இரும்புக்கும் முறை வைத்தார். நான் அவர் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சாம்பலில் புதைக்க வேண்டியது

இந்தத் தடவை இரும்பு மடங்கக் கூடாது. லாரிச் சக்கரத்துக்குமேல் அடுக்கடுக்காக வளைந்திருக்குமே கமான் பட்டை, அதுதான் சரி என்றார் பாய். காயலான் கடையில் தேடி ஒரு கனத்த பட்டையைக் கொண்டுவந்து, வெட்டி, சாணை பிடித்து, வீட்டுக்கே வந்து வெல்டிங் வைத்தார். வைத்துவிட்டு அண்ணியின் அடுப்புச் சாம்பலை ஒரு தகர டின்னில் கொட்டி அதற்குள் புதைத்தார். இந்த இரும்பு மெல்லத்தான் ஆறணும், காலையில எடுத்துக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்றைக்குப் பார்த்துக் கோயில் ஏலத்துக்கு நாள் குறித்த செய்தி வந்தது. பத்து நாள்தான் இருந்தது. அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் கடையில் அண்ணிக்குக் கைகொடுத்துவிட்டு வந்து பார்க்கும்போது, டின்னிலிருந்து ஆப்பை எடுத்துத் தரையில் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் சாய்த்துக்கொண்டிருந்தார்.

ஆவி எழுந்தது. டிக் என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிவதைவிடச் சின்னதாக. கத்திக்கும் றெக்கைக்கும் நடுவே மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

பாய் வந்து பார்த்து வாய்விட்டே திட்டினார்.

"லஸ்கர் புத்தி போவுதா பாருங்க. எதக் கண்டாலும் தண்ணியத் தெறந்து விட்டுர்றது."

அண்ணன் தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே கனத்தில் இன்னொரு பட்டை வேண்டும், புயலுக்குப் பிறகு காயலான் கடைகளில் எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், பார்க்கிறேன் என்று பாய் போனார்.

இரண்டு நாளில் அண்ணனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கட்டிலைக் கூடத்தில், அந்தப் பழைய கதவுக்கு நேரே போட்டோம். சுவர் கல்லானது, கூரை ஓடானது, கதவு மட்டும் மாறவே இல்லை. படுத்துக்கொண்டு கதவைப் பார்ப்பார். கொல்லையில் பதினேழாம் எண் பிளக்கப்படாமல் கிடந்தது.

போனில் வந்த சொல்

ஒரு நண்பகல். அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, பாய். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன்.

"அண்ணே, பட்ட கெடச்சிருச்சு. கையில வாங்கிட்டேன். நாளைக்குக் காலையில கொண்டாந்துர்றேன். இனிமே கவலய விடுங்க."

எழுதும்போது பட்டை வேறு, பட்டா வேறு. பேசும்போது பட்டை வெறும் பட்ட ஆகிவிடுகிறது. இரைச்சலான போனில், காது பாதி அடைத்த ஒரு மனிதருக்கு, நாற்பது வருடமாக ஒரே சொல்லை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அந்தக் கடைசி எழுத்து எவ்வளவு நீளம் என்று யார் அளந்து சொல்வது?

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணனுக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு, ஒரு லாரிப் பட்டைக்கா என்றுதான் நினைத்தேன். அண்ணன் முகத்தின் இரண்டு பக்கமும் சிரித்தது. விழுந்துபோன பக்கமும் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கஞ்சி கடைவாயில் வழிந்தது. துடைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் பேர்ல பாப்பா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கரண்டி கையில் இருந்தது. வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். கதவு திறந்திருந்தது, அதன் வழியே தெருவும் தெருவுக்கப்பால் நெல்லின் பச்சையும் தெரிந்தன. ஒரு சொல்லைத் திருத்தினால் போதும்.

"உங்க பேர்லதாண்ணே" என்றேன்.

அன்று அவர் மூச்சு இழுக்காமல் தூங்கினார்.

அண்ணியிடம் அடுப்படியில் சொன்னேன். அவர் விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார். எத்தனையோ பேர் வந்து தரேன் தரேன்னு பொய் சொல்லிட்டுப் போனாங்க, நீ கெடச்சிருச்சுன்னு ஒரு பொய் சொல்லிட்ட, போ என்றார்.

மறுநாள் பாய் சாக்கில் சுற்றிய பட்டையோடு வந்தபோது, அவரைக் கொல்லைப் பக்கமாகவே அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பட்டைன்னுதானேம்மா சொன்னேன் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். உண்மையைச் சொல்லிடுங்க, லஸ்கர ஏமாத்தக் கூடாது என்றார். பிறகு கட்டிலருகே போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கொண்டாந்தீங்களா பாய் என்று கேட்டார். கொண்டாந்துட்டேண்ணே, நல்ல கனம் என்றார் பாய். அதற்குமேல் அவராலும் முடியவில்லை.

தாள் எங்கே என்று அண்ணன் என்னைக் கேட்டார். பாய் நகல் எடுத்துட்டுத் தருவாரு என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று. அதன்பிறகு அவர் தாளைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதை நான் அப்போது கவனித்திருக்கவேண்டும்.

பதினேழு

பாய் அன்று முழுக்க வேலை செய்தார். சாம்பலில் புதைத்துவிட்டு, டின்னின்மேல் தானே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை மாட்டினோம். அண்ணன் வெளியே தூக்கிப் போகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. நாற்காலியோடு தூக்கிவந்து மெஷின் பக்கத்தில் வைத்தோம்.

புது ஆப்பைப் பார்த்தார். விரிஞ்சத பாய் ஒட்டிட்டாருண்ணே என்று கேட்காமலே சொன்னேன். ம் என்றார். குனிந்து விரலால் றெக்கைக்கும் கத்திக்கும் நடுவே அளந்தார். நான்கு விரல். முன்பு கீறல் ஓடிய இடத்தில் இப்போது கீறலும் இல்லை, ஒட்டுப்போட்ட தடமும் இல்லை, விரல் அங்கே கொஞ்சநேரம் நின்றது.

பதினேழு என்று எழுதிய துண்டை முதலில் வைக்கச் சொன்னார். அவர் சுவிட்சை அழுத்தினார், நான் லீவரைப் பிடித்தேன். தண்டு வந்தது. கத்தி நுழைந்தது. மோட்டாரின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். டக். கட்டை வாய்திறந்தது. ஒரு மூச்சு விட்டு, டக், டக். நாலாக விழுந்தது. சுண்ணாம்பு எழுத்தில் ஒன்று ஒரு பக்கம், ஏழு ஒரு பக்கம்.

முறை என்றார் அண்ணன், தனக்குள் சொல்லிக்கொள்வது போல.

பிளந்த புளிக்குள் நடுவே சிவப்பும் கறுப்புமாக ஒரு நிறம் உண்டு. வெளிச்சம் பார்த்திராத நிறம். அப்பா ஊன்றிய நாளிலிருந்து உள்ளே இருந்தது ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது. மூன்று காலைகள், காலைக்கு ஒரு மணி நேரம், அவர் கை தளர்கிற வரைக்கும். பேச்சு அதிகம் இல்லை. அவர் அழுத்தினால் நான் பிடிப்பேன், அவர் விட்டால் நான் விடுவேன். அவ்வளவு வருடத்தில் நாங்கள் அவ்வளவு ஒத்துப்போனது அந்த மூன்று காலைகளில்தான்.

ஏலத்தன்று சுண்ணாம்பு வாளிக்காரர் வந்தபோது பதினேழாம் எண் மரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது, வேலியோரம் விறகு அடுக்கியிருந்தது. நின்று பார்த்தாராம். பிறகு அண்ணியின் கடைக்குப் போய் இட்லி சாப்பிட்டாராம். எந்த மரத்தில் வெந்தது என்று அவரும் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை.

அப்போது நான் அங்கே இல்லை. விடுமுறை முடிந்து போயிருந்தேன். இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம். எனக்கு எங்கேயும் இருக்கத் தெரியாது. நான் சென்னை சேர்ந்த நான்காம் நாள் அண்ணி போன் செய்தார். சுடுகாட்டுக்கு அண்ணனோடு போனது அந்தப் புளிதான். சாம்பலுக்கு யாரும் கேசு போடவில்லை.

ஜவுளிக்கடைப் பை இப்போது என்னிடம் இருக்கிறது. இந்த வருடமும் ஜமாபந்திக்குப் போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தேன். மனுவை எப்படி எழுதவேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, அதை அவர் சொல்லியிருக்கிறார். ஊரிலிருந்து கிளம்பிய அந்தக் காலையில்.

ஆட்டோ வாசலில் நின்றது. பயணப் பையைக் கதவோரம் வைத்துவிட்டுக் கட்டிலருகே குந்தினேன். கொல்லையில் விறகு அடுக்கும் சத்தம், அண்ணி. அண்ணன் என் இடது கையை எடுத்து, லீவர் பிடித்துக் காய்த்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"பாய் கொண்டாந்த பட்ட நல்லாப் பொளக்குது பாப்பா" என்றார்.

நான் தலை நிமிரவில்லை. எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும்? அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"நெசப் பட்டா வந்தா என் பேர்ல வாங்கிடாத. உங்க அண்ணி பேர்ல எழுதச் சொல்லு."